பழைய சைக்கிளுக்கு எந்த பிரேக் கட்டை நல்லது?

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் வாய்க்காலைத் தூர் வாருகிறோம். வரப்பைச் சீர் செய்கிறோம். மாட்டுக் கொட்டகையின் கூரையைப் பார்த்து ஓட்டை அடைக்கிறோம். தினமும் இரண்டு வேளை ஏறி மிதிக்கிற சைக்கிளின் பிரேக்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பிடிக்காமல் போகும் அன்றுதான் அதன் நினைவு வருகிறது.

வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டாலும், திண்ணை ஓரத்தில் பழைய சைக்கிள் ஒன்று இன்னும் நிற்கத்தான் செய்கிறது. வயலுக்கு மடை திறக்கப் போவதற்கும், புல்கட்டு கொண்டு வருவதற்கும், சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவதற்கும் பல ஊர்களில் அதுதான் வாகனம். அப்பா காலத்துச் சைக்கிளாக இருக்கலாம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்து, படிப்பு முடிந்ததும் பால் கேன் சுமக்க வந்த சைக்கிளாகவும் இருக்கலாம். எதுவானாலும் பெரும்பாலும் இரும்பு ரிம்தான். எஃகுத் தகட்டை வளைத்துச் செய்து, மேலே குரோமிய முலாம் பூசியது.

இந்த ரிம் நல்ல உழைப்பாளி. வண்டிப் பாதையில் குலுங்கினாலும் லேசில் வளையாது. கேரியரில் ஒரு மூட்டை நெல்லை ஏற்றினாலும் தாங்கும். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. காய்ந்திருக்கும்போது பிரேக்குக்குக் கட்டுப்படும், நனைந்தால் கட்டுப்படாது. டெல்டா மாவட்டங்களில் மேடு பள்ளமே இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். ஆற்றுப் பாலத்தின் சரிவும், ஏரிக்கரையிலிருந்து தார்ச்சாலைக்கு இறங்கும் பாதையும் போதாதா? அந்தச் சாலையில் இப்போது வருவது மாட்டு வண்டி அல்ல, லாரி. இரண்டு கேன் பாலோடு மழையில் அங்கே இறங்குகிறவருக்கு பிரேக் கட்டை என்பது உயிர் விஷயம்.

தண்ணீர் பட்டால் என்ன ஆகிறது?

பிரேக்கை அழுத்தினால் ரப்பர் கட்டை ரிம்மை உரசுகிறது. அந்த உரசலில்தான் சைக்கிளின் ஓட்டம் சூடாக மாறிக் குறைகிறது. முலாம் பூசிய இரும்பு ரிம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். மழை பெய்தால் அதன்மேல் தண்ணீர் மெல்லிய படலமாக நின்றுவிடுகிறது. கட்டை அந்தப் படலத்தின்மேல் நழுவுகிறதே தவிர, ரிம்மைச் சரியாகத் தொடுவதில்லை. வயல் சேறும் சாணித் தண்ணீரும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். அலுமினிய ரிம்மிலும் மழையில் பிடிப்பு குறையத்தான் செய்யும். ஆனால் இரும்பு ரிம் அளவுக்குக் குறையாது.

பிராங்க் விட், டேவிட் கார்டன் வில்சன் என்ற இருவர் எழுதி, 1974ல் அமெரிக்காவில் முதலில் வெளிவந்த ‘பைசைக்கிளிங் சயன்ஸ்’ என்ற நூல் சைக்கிள் பற்றிய விஞ்ஞானத்துக்குப் பெயர் பெற்றது. நனைந்த இரும்பு ரிம்மில் சாதாரண பிரேக் கட்டையின் பிடிப்பு, காய்ந்த நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. பிரேக்கை முழு பலத்தோடு அழுத்திப் பிடித்தும், சக்கரம் சராசரியாக 30 சுற்று சுற்றிய பிறகே பிடிப்பு ஏறத் தொடங்கியதாம். பழைய பிடிப்பு முழுவதும் திரும்பி வர இன்னும் 20 சுற்று ஆயிற்று.

இதை நம் சைக்கிளுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகும். 30 சுற்று என்றால் 66 மீட்டர். பாலத்து உச்சியில் பிரேக்கை அழுத்தினால் சரிவே முடிந்துவிடும். பிறகுதான் கட்டை ரிம்மைத் துடைத்து முடிக்கும். விடாமல் மழை கொட்டினால் ரிம் திரும்பத் திரும்ப நனைந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாரக் கணக்கு வேறு இருக்கிறது. ஆள் எடை 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ, ஆக 80 கிலோ. இரு பக்கமும் 20 லிட்டர் கேன் தொங்கினால் பால் மட்டும் 41 கிலோ இருக்கும். கேனையும் சேர்த்து 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 130 கிலோ ஆகிறது. வெறும் சைக்கிள் 5 மீட்டரில் நிற்கிற இடத்தில், அதே வேகம், அதே பிடி என்றால் பால் சைக்கிள் நிற்க 8 மீட்டருக்கு மேல் ஆகும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். நல்ல கட்டை போட்டால் இந்தக் கணக்கு மாறிவிடாது. ஆனால் கணக்கின் முதல் எண்ணையே குறைக்கலாம்.

கம்பி பிரேக்கா, ஒயர் பிரேக்கா?

கடைக்குப் போவதற்கு முன் நம் சைக்கிளில் இருப்பது எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பெரிய சைக்கிள்களில் கைப்பிடியிலிருந்து நீளமான இரும்புக் கம்பிகள் வழியாக பிரேக் வேலை செய்யும். குதிரை லாடம் போல வளைந்த ஒரு கம்பி ரிம்மின் இரு பக்கமும் இறங்கி, அதன் நுனிகளில் கட்டைகள் இருக்கும். பிரேக்கை அழுத்தினால் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில், அதாவது போக்ஸ் கம்பிகள் இருக்கிற முகத்தில் போய் அழுத்தும். பிற்காலத்துச் சைக்கிள்களில் உறைக்குள் ஓடும் ஒயர் ஒரு இடுக்கியை இழுக்கும். கட்டைகள் ரிம்மின் பக்கச் சுவரை இரு புறமும் கவ்வும்.

இரண்டுக்கும் ரிம்மின் வடிவமே வேறு. கம்பி பிரேக் ரிம்மின் ஓரங்கள் உருண்டிருக்கும். வெஸ்ட்வுட் ரிம் என்று அதற்குப் பெயர். ஒயர் பிரேக் ரிம்மின் பக்கச் சுவர் தட்டையாக இருக்கும். இதைக் கவனிக்காமல் சிலர் கம்பி பிரேக் லொடலொடவென்று ஆடுகிறது என்று கழற்றி எறிந்துவிட்டு, பழைய ரிம்மிலேயே ஒயர் பிரேக்கை மாட்டிக்கொள்கிறார்கள். உருண்ட ஓரத்தில் தட்டைக் கட்டை ஒரு கோடு அளவுக்குத்தான் ஒட்டும். காய்ந்த நாளிலேயே அரைகுறையாகப் பிடிக்கும். மழை நாளில் சொல்ல வேண்டியதில்லை. பிரேக்கை மாற்றினால் ரிம்மையும் மாற்ற வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் கம்பி பிரேக்கையே ஒழுங்கு செய்துகொள்வது மேல். கம்பி பிரேக்கைப் பழசு என்று இகழ வேண்டியதில்லை. ரிம் பக்கவாட்டில் கொஞ்சம் பெண்டாகி இருந்தாலும் அது சமாளித்துக்கொள்ளும். ஒயர் பிரேக்குக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இரண்டு வகைக்கும் கட்டைகள் வேறு வேறு. ஒன்றுக்கு மற்றொன்று சேராது. பழைய கட்டையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதே நல்லது. ஆணியின் கனமும் நீளமும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

கடையில் கவனிக்க வேண்டியது

“இந்தக் கட்டையைப் போட்டால் இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை” என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். விவசாயியும் மகிழ்ச்சியோடு வாங்கி வருவார். இங்கேதான் யோசிக்க வேண்டும். நெடுநாள் உழைப்பதற்காகக் கெட்டியான ரப்பரில் செய்த கட்டை, வழவழப்பான இரும்பு ரிம்மில் நன்றாகப் பிடிப்பதில்லை. மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும், ஆனால் பிடிக்கும். டயர் வாங்கும்போது எத்தனை வருஷம் வரும் என்று கேட்பது நியாயம். பிரேக் கட்டைக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. ஒரு பருவமழைக்கு ஒரு ஜோடி தேய்ந்து போனாலும் நஷ்டம் இல்லை. பாலோடு ஒரு கேன் கவிழ்ந்தால் போகிற பணத்தில் பல ஜோடிகள் வாங்கிவிடலாம்.

கட்டையைக் கையில் எடுத்து, உரசும் முகத்தில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாகப் பதிந்து மறுபடி நிமிர்ந்தால் நல்ல ரப்பர். மரக்கட்டை மாதிரி நகம் வழுக்கினால் வேண்டாம். அது முதலிலேயே கெட்டியாகச் செய்ததாக இருக்கலாம். பல வருஷம் கடையில் கிடந்து இறுகிப் போனதாகவும் இருக்கலாம். ரப்பர் காற்றிலும் வெயிலிலும் வயதாகி இறுகும் பொருள். கடைவாசலில் சரமாகக் கட்டி வெயிலில் தொங்கவிட்ட கட்டைகளை வாங்காமல், உள்ளே பெட்டியில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இலேசாக வளைத்துப் பார்த்தால் ஓரங்களில் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா என்பதும் புரிந்துவிடும்.

முகத்தில் வெட்டுக் கோடுகள் உள்ள கட்டை நல்லது. தண்ணீரும் சேறும் ஒதுங்க அந்தக் கோடுகள் கொஞ்சம் உதவும். கோடு மறைந்துவிட்டதென்றால் கட்டையை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். நீளமான கட்டை இரு மடங்கு பிடிக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நீளம் அதிகமானால் அதிக நாள் வரும், சூடும் பரவும். பிடிப்பு முக்கியமாக ரப்பரின் ரகத்தையும் நாம் அழுத்தும் பலத்தையும் பொறுத்தது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்தாற்போன்ற நிறத்தில் ஒரு வகைக் கட்டை உண்டு. ரப்பரில் இரும்பு ஆக்சைடு சேர்த்துச் செய்வது. அமெரிக்கத் தயாரிப்பான கூல்ஸ்டாப் கட்டைகளில் இந்த ரகம் மழைக்கு நல்லது என்று பெயர் எடுத்தது; பழைய இரும்பு ரிம் சைக்கிள் வைத்திருப்பவர்கள் வெளிநாடுகளில் இதைத் தேடி வாங்குகிறார்கள். ஒயர் பிரேக் உள்ளவர்கள், விலை கட்டுமானால், தபாலில் தருவித்துக்கொள்ளலாம். ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் அந்த ரகம் ஆகாது. கறுப்பு ரப்பரில் சாயம் கலந்தாலும் சிவப்பாகிவிடும். நிறத்தைவிட நகத்தை நம்புவது நல்லது.

இங்கிலாந்தில் மழைக்குப் பஞ்சமில்லை. இரும்பு ரிம் காலத்தில் அங்கே முகப்பில் தோல் வைத்த பிரேக் கட்டைகள் விற்பனையாயின. பைப்ராக்ஸ் என்ற கம்பெனியின் தயாரிப்பு இதில் தெரிந்த பெயர். நனைந்த முலாம் ரிம்மில் தோல் சாதாரண ரப்பரைவிட நன்றாகப் பிடிக்கும். அலுமினிய ரிம்முக்கு அது ஆகாது. நம் ஊர்க் கடைகளில் இதைத் தேடினால் கிடைப்பது அரிது. இதைப் படித்துவிட்டு யாரும் பழைய செருப்புத் தோலை வெட்டி, கட்டையின்மேல் பசை போட்டு ஒட்டிப் பார்க்க வேண்டாம். ஒட்டியது அவசரத்துக்குப் பிய்த்துக்கொண்டு வந்தால் இருக்கிற பிரேக்கும் போய்விடும்.

கைவேலை என்றதும் டயர்த் துண்டு ஞாபகம் வருகிறது. கட்டை தேய்ந்ததும் பழைய டயரை அளவாக வெட்டி, தகட்டுக் கூட்டில் செருகிக்கொள்வது கிராமங்களில் உண்டு. டயர் ரப்பர் தேயாமல் உழைப்பதற்காகச் செய்தது. உள்ளே நூல் அடுக்கு இருக்கிறது. மேல் ரப்பர் தேய்ந்து நூல் வெளிப்பட்டால் பிடிப்பே இருக்காது. ஹவாய் செருப்புத் துண்டு மிருதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டு சரிவு இறங்குவதற்குள் துகள் துகளாக உதிர்ந்துவிடும். சிக்கனத்துக்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

மூடிய முனை எந்தப் பக்கம்?

புதுக் கட்டை மாட்டுவதில் ஒரு விஷயத்தைத் தவறாமல் பார்க்க வேண்டும். ரப்பரைத் தாங்கும் தகட்டுக் கூட்டில் ஒரு முனை திறந்தும் ஒரு முனை மூடியும் இருக்கும். ரப்பரைச் செருகுவதற்காகத்தான் அந்தத் திறப்பு. பிரேக் பிடிக்கும்போது ஓடுகிற ரிம் ரப்பரைத் தன்னோடு இழுக்கும். அது இழுக்கும் பக்கத்தில் மூடிய முனை இருக்க வேண்டும். மாற்றி மாட்டிவிட்டால், பலமாக அழுத்திய அன்றைக்கு ரப்பர் கூட்டை விட்டு வெளியே பறந்துவிடும். மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது இந்தத் தவறு தெரியாது. அவசரமாகப் பிடிக்கும்போதுதான் தெரியும்.

முன்சக்கரத்தில் பிரேக் இருக்கும் இடம் சக்கரத்தின் மேற்பகுதி. அங்கே ரிம் முன்னோக்கி ஓடுகிறது. ஆகவே மூடிய முனை முன்பக்கம் பார்க்க வேண்டும். ஒயர் பிரேக்கில் பின்சக்கரத்துக்கும் அப்படியே. பழைய கம்பி பிரேக்கில் மட்டும் பின் கட்டைகள் பெடல் அச்சுக்குப் பின்னால், பின்சக்கரத்தின் முன்புறத்தில் இருக்கும். அங்கே ரிம் மேலிருந்து கீழே இறங்குகிறது. மூடிய முனை கீழே இருக்க வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து வேலை செய்யும்போது திசை குழம்பிவிடும். கவிழ்ப்பதற்கு முன்பே சக்கரம் ஓடும் திசையை ரிம்மில் சுண்ணாம்புக் கட்டியால் அம்புக்குறி போட்டுக்கொண்டால் குழப்பம் வராது. கடையில் மாட்டினாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கூட்டமான நாளில் சின்னப் பையன் கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு முதலாளி வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒயர் பிரேக்கில் கட்டை ரிம்மின் சுவரில் முழுவதும் பதிய வேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் சில நாட்களிலேயே டயரின் பக்கத்தை அறுத்து, டியூப் பிதுங்கி வெடிக்கும். கீழே இறங்கினால் கட்டையில் ஓரம் விழுந்து, ஒரு நாள் ரிம்முக்கு அடியில் நழுவிப் போக்ஸ் கம்பிகளுக்குள் போய்விடும். கட்டையின் முன் நுனி ரிம்மை ஒரு மில்லிமீட்டர் முந்தித் தொடும்படி வைத்தால் கீச்சுச் சத்தம் வராது. கம்பி பிரேக்கில் இரண்டு கட்டையும் ரிம்மின் இரு தோள்களில் சமமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் போக்ஸ் கம்பியின் நிப்பிளில் தட்டும்.

கட்டைக்கும் ரிம்முக்கும் இடைவெளி 2 அல்லது 3 மில்லிமீட்டர் போதும். முழு பலத்தோடு அழுத்தினாலும் பிரேக் பிடி ஹேண்டில்பாரில் போய் இடிக்கக் கூடாது. இடித்தால் நம் கையின் பலம் ஹேண்டில்பாரைத்தான் நெரிக்கிறது, ரிம்மை அல்ல.

கம்பி பிரேக் உள்ளவர்கள் மறந்துவிடும் இன்னொன்று உண்டு. செயின் தொங்குகிறது என்று பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்குகிறோம். உடனே ரிம் பின் கட்டைகளை நெருங்கிவிடும். கட்டை உரசிக்கொண்டு சைக்கிள் கனக்கும். ‘என்ன இது, மிதிக்கவே முடியவில்லை’ என்று பிரேக் கம்பியை யாராவது தளர்த்திவிடுவார்கள். பிறகு செயினில் ஒரு கண்ணியைக் கழற்றிச் சக்கரத்தை முன்னுக்குத் தள்ளும்போது இடைவெளி அதிகமாகி, பின் பிரேக்கே இல்லாமல் போகும். செயினில் கை வைத்தால் பின் பிரேக்கையும் அதே நேரத்தில் சரி பார்த்துவிட வேண்டும். கம்பி இணைப்புகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

ரிம்மைக் கழுவாமல் கட்டையை மாற்றினால்

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ரிம்மில் எவ்வளவு நல்ல கட்டையும் பிடிக்காது. செயினுக்கும் அச்சுக்கும் விடும் எண்ணெய் சுழற்சியில் சிதறி ரிம்முக்கு வருகிறது. டீசல் இஞ்சினைத் தொட்ட கையாலேயே ரிம்மைப் பிடித்துச் சைக்கிளைத் திருப்புகிறோம். சிலர் ரிம் பளபளக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதும் உண்டு. பொங்கலுக்கு அலங்காரமாக இருக்கும், பிரேக்குக்கு விஷம்.

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் முதலில் துடைத்துப் பிசுக்கை எடுக்கலாம். டயரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்திவிடக் கூடாது. மண்ணெண்ணெயும் ஒரு வழுக்கலை விட்டுச் செல்லும். பிறகு சோப்புத் தண்ணீரோ பாத்திரம் தேய்க்கும் சாம்பலோ போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கம்பி பிரேக் ரிம்முக்கு உட்புறத்தில், போக்ஸ் கம்பிகளுக்கு இடையே துணியை விட்டுத் துடைக்க வேண்டியிருப்பதால் சிரமம் அதிகம். தேங்காய் நார் நன்றாக உதவும்.

முலாம் உரிந்து துருப்பிடித்த இடம் உப்புத்தாள் மாதிரி கட்டையைத் தின்னும். மேலோட்டமான துருவை நைசான உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். உளிப் பள்ளம் மாதிரி அரித்திருந்தாலோ, நிப்பிள்களைச் சுற்றி வெடிப்புத் தெரிந்தாலோ ரிம்மையே மாற்ற வேண்டியதுதான். கட்டையின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் அதையும் உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். ரப்பரில் புதைந்த மணலையும் இரும்புத் துணுக்கையும் ஊக்கால் குத்தி எடுங்கள். எண்ணெயில் ஊறிய கட்டையை மட்டும் எதுவும் செய்து திருப்ப முடியாது.

களத்தில் ஒரு சோதனை

விதை வாங்கினால் முளைப்புத் திறன் பார்க்கிறோம். கட்டையையும் அப்படிப் பார்த்து வாங்கலாம். களத்திலோ ஆள் நடமாட்டமில்லாத சமதளப் பாதையிலோ ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். நடுத்தர வேகத்தில் வந்து, கோட்டைத் தாண்டும்போது மிதிப்பதை நிறுத்திவிட்டு இரண்டு பிரேக்கையும் ஒரே சீராக அழுத்துங்கள். நின்ற இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். பிறகு இரண்டு ரிம்மிலும் செம்பால் தண்ணீர் ஊற்றி, சக்கரத்தைச் சுற்றி நனைத்துவிட்டு, அதே வேகத்தில் மறுபடி வந்து பிடியுங்கள். இரண்டாவது கல் எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பாருங்கள். பாதையை நனைக்க வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது டயர் வழுக்குவதை அல்ல, கட்டை வழுக்குவதை.

ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்தால்தான் நம்பலாம். காய்ந்த நிலையில் இரண்டு ரகக் கட்டையும் ஒன்று போலத் தோன்றும். கடைக்காரர் சொல்வதில் பொய் இல்லை என்றுகூடத் தோன்றும். நனைத்த பிறகு கற்களுக்கு இடையே உள்ள தூரம்தான் கட்டையின் யோக்கியதையைச் சொல்லும். இதைப் பாரம் இல்லாமல்தான் செய்ய வேண்டும். தரை முடிந்தபின் கிணறோ சாலையோ இருக்கும் இடத்தில் செய்யக் கூடாது.

மழையில் இறங்கும்போது

சரிவுக்கு வெகு முன்னாலிருந்தே பிரேக்கை இலேசாகத் தொட்டுக்கொண்டு வர வேண்டும். அது வேகத்தைக் குறைப்பதற்காக அல்ல. ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைப்பதற்காக. கட்டை ரிம்மைப் பற்றுவது கையில் தெரியும். தெரிந்த பிறகு இறங்கலாம். தெரியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று பயந்து, அதைக் கழற்றியே வைத்திருப்பவர்கள் ஏராளம். சைக்கிள் நிற்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால், முன் பிரேக்குக்கு நல்ல பலன் உண்டு. கேரியரில் பாரம் இருக்கும்போது பின்சக்கரமும் தரையை நன்றாகப் பற்றும். அப்போது பின் பிரேக்கின் பங்கு கூடும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதே சரி. சாணியிலும் சேற்றிலும் மட்டும் முன் பிரேக்கைத் திடீரென்று அழுத்தக் கூடாது. கொல்லிமலை, ஏற்காடு போன்ற மலைப் பாதைகளில் இறங்குகிறவர்கள் விடாமல் ஒரே பிரேக்கை அழுத்தி வந்தால் ரப்பர் சூடேறி மினுமினுப்பாகிவிடும். இடையிடையே நின்று ஆறவிட்டு இறங்க வேண்டும்.

இரும்பு ரிம் வீணாகிப் புதிதாக மாற்றும் நேரம் வந்தால், ஒயர் பிரேக் வைத்திருப்பவர்கள் அலுமினிய ரிம் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். மழைப் பிடிப்புக்கு அதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை. நம் 28 அங்குல அளவில் எல்லாக் கடையிலும் அது கிடைப்பதில்லை. பார ஓட்டத்துக்குத் தகுந்த கனமும் வேண்டும். அதுவரை ஒரு ஜோடிக் கட்டையை உபரியாக வாங்கி வையுங்கள். ஒரு சக்கரத்துக்கு இரண்டு கட்டையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உபரிக் கட்டையை வெயில் படாத இடத்தில், காகிதத்தில் சுற்றி, வாங்கிய மாதத்தையும் வருஷத்தையும் அதன்மேல் எழுதி வையுங்கள். மருந்து தெளிப்பான், டீசல் துணி, கிரீஸ் டப்பா இருக்கும் பெட்டியில் மட்டும் போட்டு வைக்க வேண்டாம்.